நிற்கும் கதிரும் அறுத்த தாளும்

தை முதல் நாளின் சூரியன் திருநெல்வேலிக்கு வருவதற்கு ஏறத்தாழ அரை மணி நேரம் முன்பே அசாமுக்குப் போய்ச் சேர்ந்துவிடுகிறான். பிரம்மபுத்திராவின் மேல் பனிமூட்டம் கலையாத அந்த நேரத்தில், அறுத்து முடித்த வயல்களில் தீ எரிந்துகொண்டிருக்கும். மூங்கிலும் விறகும் வைக்கோலும் அடுக்கி ஆள் உயரத்துக்கு மேல் எழுப்பிய ‘மேஜி’ அது. விடியுமுன் குளித்துவிட்டு வந்து ஊரார் அதற்குத் தீ வைக்கிறார்கள். பாக்கும் வெற்றிலையும் அரிசிப் பலகாரமும் தீயில் இட்டுக் கும்பிடுகிறார்கள். பாக்குக்கு அவர்கள் சொல்லும் பெயர் ‘தாமோல்’. நம் தாம்பூலம்தான்.

பிறகு எங்கள் தெற்குச் சீமையில் வெயில் விழுகிறது. வாசலில் சாணம் தெளித்துக் கோலமிட்ட இடத்தில் மூன்று பொங்கல் கட்டிகள். அவற்றின்மேல் மஞ்சள் குலை கட்டிய பானை. பனை ஓலை சடசடவென்று எரிய, பால் நுரைகட்டி விளிம்பு தாண்டும்போது பெண்கள் குலவையிடுவார்கள். அந்த நுரை எந்தப் பக்கம் வழிகிறது என்று பார்க்காத வீடு கிடையாது.

ஒரே சங்கராந்தி, ஒரே விடியல். இரண்டு பக்கமும் நெல்லை நம்பிய மக்கள். கன்னியாகுமரியிலிருந்து திப்ரூகருக்கு ஓடும் விவேக் விரைவு ரயிலில் ஏறினால் 4,000 கிலோமீட்டருக்கு மேல் போக வேண்டும். அவ்வளவு தொலைவில் ஒரே நாளை இவ்வளவு நெருக்கமாகவும் இவ்வளவு வேறாகவும் கொண்டாடுகிறார்கள் என்பது என்னைப் பல காலமாக ஈர்த்துவந்திருக்கிறது. அசாமியர் அதை மாக் பிஹு என்பார்கள்; செல்லமாகப் போகாலி பிஹு. ‘அறுவடைத் திருநாள்’ என்று இரண்டையும் ஒரே சொல்லில் அடக்குவது பாடநூல் வழக்கம். அந்தச் சொல்லைக் கொஞ்சம் விலக்கிவிட்டு, அந்த நாளில் வயல் எப்படி இருக்கிறது என்று பார்த்தால் வேற்றுமைகள் தாமாகவே புலப்படும்.

அசாமுக்குத் தென்மேற்குப் பருவமழை. ஜூன் கடைசியிலிருந்து ஆகஸ்டுவரை நாற்று நடுகிறார்கள். அந்த நெல்லுக்குப் பெயர் ‘சாலி’; நம் புலவர்கள் செஞ்சாலி என்று பாடிய அதே சொல். நட்ட பயிரைப் பிரம்மபுத்திராவின் வெள்ளம் பல ஆண்டுகளில் ஒருமுறைக்கு இருமுறை மூழ்கடிக்கும். தப்பியது நவம்பர், டிசம்பரில் அறுவடையாகும். ஆக, மாக் மாதம் பிறக்கும்போது நெல் களஞ்சியத்துக்குள் போய்விட்டது. வயலில் தாள் மட்டும் நிற்கிறது. மண் காய்ந்து, உட்காரவும் படுக்கவும் ஆகிற பூமியாகிவிட்டது.

காவிரிப் படுகைக்குப் பெருமழை தருவது வடகிழக்குப் பருவம். ஆவணி வாக்கில் விதைத்த சம்பா ஐப்பசி, கார்த்திகை மழையைக் குடித்து வளர்ந்து, தையில்தான் தலை சாய்க்கிறது. அறுவடை தையிலும் மாசியிலும். தாளடிப் பயிர் இன்னும் பிந்தும். பொங்கலன்று டெல்டாவில் பாதி வயல் கதிரோடு நிற்கும். பொன்னி வயலுக்கு அது மிகவும் அஞ்ச வேண்டிய காலமும்கூட: 2021 ஜனவரியில் பருவம் தப்பிப் பெய்த மழையில், அறுக்க நின்ற சம்பா சாய்ந்து வயலிலேயே முளைவிட்டது. எங்கள் தாமிரபரணிப் பக்கம் பிசான நெல் இன்னும் தாமதம். மாசி, பங்குனியில்தான் அரிவாள் வைப்பார்கள். தை முதல் நாளில் எங்கள் வயலில் பயிர் பச்சையாக இருக்கும்.

இந்த ஒரு வேறுபாட்டிலிருந்துதான் மற்றவை எல்லாம் கிளைக்கின்றன என்பது என் எண்ணம். வயல் வெறுமையாக இருக்கிற ஊரில் திருநாள் வயலுக்குப் போகிறது. வயலில் கதிர் நிற்கிற ஊரில் திருநாள் வாசலுக்கு வருகிறது. அங்கே நெல் வந்துசேர்ந்த பிறகு ஊர் கூடித் தின்கிறது. இங்கே முதல் கைப்பிடியை அறுத்து வந்து, மீதி நல்லபடி வீடு சேர வேண்டும் என்று சூரியனைப் பார்த்துக் கேட்கிறோம். பொங்கலை நன்றித் திருநாள் என்று சொல்வது சரிதான். ஆனால் அதில் பாதி நன்றி, பாதி வேண்டுதல். பானை பொங்கிவிட வேண்டுமே என்று பெண்கள் முகத்தில் தெரியும் அந்தப் பதற்றம் எங்கிருந்து வருகிறது என்று யோசித்தால் இது புரியும்.

நெல்லைச் சீமையில் பொங்கலுக்குப் படைப்பது என்ன என்று பாருங்கள். பனங்கிழங்கு, சிறுகிழங்கு, சேனை, சேம்பு, பிடிகிழங்கு, மஞ்சள் குலை, கரும்பு. வயல் நெல் பிந்தும் ஊரில் தையில் மண் உண்மையாகக் கையில் தருவது கிழங்குகளைத்தான். பொங்கல் சோற்றுக்குப் பக்கத்தில் கிழங்குக் கூட்டு இத்தனை முக்கியமாக இருப்பதற்கு ருசி மட்டும் காரணம் ஆகாது.

அசாமில் தை பிறப்பதற்கு முந்தைய இரவுக்கு ‘உருகா’ என்று பெயர். அன்று சந்தையில் மீனுக்குத்தான் மதிப்பு. ஊர்க் குளங்களிலும் ‘பீல்’ எனப்படும் ஏரிகளிலும் கூட்டமாக இறங்கி மீன் பிடிப்பார்கள். இரவில் வயலிலேயே அடுப்பு மூட்டி, ஊர் முழுக்க ஒரே பந்தியாக உண்ணும் ‘போஜ்’ நடக்கும். ‘போகாலி’ என்ற பெயரே ‘போக்’ என்ற சொல்லிலிருந்து வந்தது. உண்டு மகிழ்தல் என்று பொருள். நமக்கும் அந்தச் சொல் உண்டு. போகம் என்றால் இன்பம். உழவனிடம் கேட்டால், போகம் என்றால் விளைச்சல். ஒருபோகம், இருபோகம், முப்போகம் என்று நிலத்தைத் தரம் பிரிக்கிறோம். ஒரே சொல்லை எடுத்து அவர்கள் இலையில் வைத்தார்கள். நாம் வயலில் வைத்தோம்.

அரிசியை நடத்தும் விதத்திலும் இரு ஊரும் பிரிகின்றன. நமக்கு அரிசி பொங்க வேண்டும். பாலும் வெல்லமும் சேர்ந்து குழைந்து விளிம்பு கடக்க வேண்டும். அந்தச் சோறு சாயங்காலம் வரை தாங்குவதே பெரிது. ஆகவே அன்றைக்கே கிண்ணம் கிண்ணமாக அக்கம்பக்கத்து வீடுகளுக்குப் போய்விடும். அசாமியப் பெண்கள் அரிசியை இடிக்கிறார்கள். ‘டேக்கி’ என்ற கால்மிதி உலக்கையில் இடித்த மாவில் எள்ளும் வெல்லமும் வைத்துச் சுருட்டினால் தில் பிட்டா. எண்ணெயில் பொரித்தால் கிலா பிட்டா. பச்சை மூங்கில் குழாயில் அடைத்துத் தணலில் வாட்டினால் சுங்கா பிட்டா. தேங்காயிலும் எள்ளிலும் உருண்டை பிடிப்பார்கள், அவை ‘லாரு’. இவை நாள் தாங்கும் பலகாரங்கள். டப்பாவில் அடைத்து வைத்து, மாக் மாதம் முழுவதும் வீட்டுக்கு வருகிறவர்களுக்கெல்லாம் எடுத்து வைப்பார்கள்.

அவர்களிடம் அடுப்பே வேண்டாத அரிசியும் இருக்கிறது. கொமல் சாவுல் என்பதைத் தண்ணீரில் ஊறவைத்தாலே சோறாகிவிடும். தயிரும் வெல்லமும் போட்டுப் பிசைந்து உண்ணலாம். அந்த வகையைச் சேர்ந்த போக்கா சாவுல் 2018இல் புவிசார் குறியீடு பெற்றது. அரிசியில் அமைலோஸ் என்ற மாவுப்பொருள் மிகக் குறைவாக இருப்பதால் இப்படி ஊறியே சோறாகிறது. பொங்கினால்தான் மங்கலம் என்று நம்பும் நமக்கு, அடுப்பில் ஏற்றாத அரிசி ஒரு திருநாள் விருந்தாக முடியும் என்பது வியப்பு. குழையாமல் நின்று வேகும் சம்பாவும் பொன்னியும் தின்று வளர்ந்த நாக்குக்கு அது எப்படி இருக்கும் என்று ஊகிக்கத்தான் முடிகிறது.

தீயைப் பற்றிப் பேசும்போது எல்லாரும் மேஜியைப் போகியோடு ஒப்பிடுவார்கள். நாள் பக்கத்துப் பக்கத்து நாள், போகாலி, போகி என்று பெயரும் ஒத்து ஒலிக்கிறது. எனக்கு அது பொருந்திவரவில்லை. போகித் தீ பழையதைக் கழிக்கிற தீ. கிழிந்த பாய், உடைந்த முறம், தேய்ந்த துடைப்பம் என்று வீட்டுக் கழிவு அதில் போகும். பாயும் முறமும் கோரையிலும் மூங்கிலிலும் இருந்த காலத்தில் அதனால் யாருக்கும் கேடில்லை. டயரும் பிளாஸ்டிக்கும் வந்த பிறகு போகி விடியலில் சென்னையில் மூச்சு முட்டுகிறது. புகைமூட்டத்தால் விமானங்கள் தாமதமான ஆண்டுகள் உண்டு. மேஜி வேறு குணம் உள்ளது. அதற்கென்று வெட்டிய மூங்கில், அந்த ஆண்டின் வைக்கோல். எரிந்து அடங்கியதும் பாதி வெந்த கட்டையையும் சாம்பலையும் எடுத்துப் போய்ப் பழ மரங்களின் அடியில் இடுகிறார்கள், தோட்டத்தில் தூவுகிறார்கள். காய்ப்புக் கூடும் என்று நம்பிக்கை.

நம்மிடம் அதற்கு நேர் உடன்பிறப்பு ஒன்று உண்டு. ஒன்றிரண்டு மாதம் முன்னால் வந்துவிட்டுப் போகிறது. கார்த்திகைத் தீபத்தன்று கோயில் முன்னால் பனை மரத்தை நட்டு, ஓலை சுற்றிக் கொளுத்தும் சொக்கப்பனை. அதன் கரிக்கட்டைக்கும் சாம்பலுக்கும் ஊரில் போட்டி நடக்கும். வயலில் போட்டால் விளையும் என்று கொண்டுபோவார்கள். நாம் கார்த்திகையில் தீயையும் தையில் பானையையும் வைத்தோம். அசாம் இரண்டையும் ஒரே இரவிலும் விடியலிலும் சேர்த்துக்கொண்டது.

இதற்கு எதிர்மாறாக, நாம் சேர்த்த ஒன்றை அவர்கள் பிரித்திருக்கிறார்கள். போகி, பெரும்பொங்கல், மாட்டுப் பொங்கல், காணும் பொங்கல் என்று நான்கு நாளில் நாம் எல்லாக் கடனையும் தீர்த்துவிடுகிறோம். அசாமியர் உழவின் ஆண்டை மூன்று பிஹுவாக விரித்திருக்கிறார்கள்: சித்திரைப் பிறப்பில் ரொங்காலி, ஐப்பசிப் பிறப்பில் காத்தி, தைப் பிறப்பில் போகாலி. மாடுகளின் நாள் சித்திரைக்குப் போய்விட்டது.

அந்த இட மாற்றம்தான் எனக்கு இந்த ஒப்பீட்டில் மிகப் பிடித்த இடம். நம் மாடு தையில் உழவு வேலை முடித்து நிற்கிறது. உழுது, பரம்படித்துக் கொடுத்த மாடு. அதைக் குளிப்பாட்டிக் கொம்புக்கு வண்ணம் தீட்டி, பழைய மூக்கணாங்கயிற்றை மாற்றி, கழுத்தில் நெட்டி மாலையோ கரும்பும் வடையும் கோத்த மாலையோ போட்டு, பொங்கலை ஊட்டுகிறோம். கொங்கு நாட்டில் பட்டிப் பொங்கல் என்று பட்டிக்குள்ளேயே சாணத்தால் வரப்புக் கட்டிச் சிறு தெப்பக்குளம் அமைத்து மாட்டை அதில் மிதிக்க விடுவார்கள். செய்த வேலைக்குச் செலுத்தும் மரியாதை இது.

அசாமில் சித்திரை பிறக்கும் முந்தைய நாள் கொரு பிஹு. ‘கொரு’ என்றால் மாடு. அன்று மாடு வேலையைத் தொடங்கவே இல்லை. கோடை மழையின் முதல் இடி இப்போதுதான் கேட்டிருக்கும்; உழவு வரப்போகிறது. காலையில் ஆற்றுக்கோ குளத்துக்கோ ஓட்டிப்போய் உளுந்தும் மஞ்சளும் அரைத்த விழுதைத் தேய்த்துக் குளிப்பாட்டுகிறார்கள். அதே விழுதைத் தாங்களும் பூசிக் குளிக்கிறார்கள். சுரைக்காய், கத்தரிக்காய், பாகற்காய்த் துண்டுகளை மூங்கில் குச்சியில் கோத்து மாட்டின்மேல் எறிந்து, தாயையும் தந்தையையும் விடப் பெரிதாக வளர் என்று வாழ்த்திப் பாடுகிறார்கள். மணமுள்ள இலைக் கொத்துகளால் மெல்லத் தட்டி விடுகிறார்கள். பகல் முழுதும் மாட்டுக்குக் கட்டில்லை. மாலையில் தொழுவத்துக்குத் திரும்பும்போது புதுக் கயிறு காத்திருக்கும். கொசு அண்டாமலிருக்க மூட்டம் போட்டிருப்பார்கள். இது வரப்போகும் பாட்டுக்கு முன்கூட்டியே சொல்லும் பரிவு. கயிறு மாற்றுவது இரண்டு ஊரிலும் ஒன்றாக இருப்பதைக் கவனியுங்கள்.

டிராக்டரும் அறுவடை இயந்திரமும் வந்த பிறகு, வேலை செய்து முடித்த மாடும் வேலைக்குப் போகும் மாடும் இரு ஊரிலும் அருகிவருகின்றன. கழுவி அலங்கரிக்கக் கறவை மாடு மட்டும் நிற்கிறது. டெல்டாவில் மாடே இல்லாத உழவர் வீடு இப்போது சாதாரணம். ஒரு நாள் வணங்க வேண்டிய அந்த உயிர் வாசலில் இல்லாத வெறுமையை இந்தத் தலைமுறை இன்னும் சரியாக உணரவில்லை என்று வருந்துகிறேன்.

வீர விளையாட்டைப் பற்றி அதிகம் எழுதத் தேவையில்லை, எல்லாரும் அறிந்தது. கலித்தொகையின் முல்லைக்கலி ஏறு தழுவலைப் பாடியிருக்கிறது. அலங்காநல்லூர், பாலமேடு, அவனியாபுரம் இன்றும் அதை நடத்துகின்றன. அசாமில் எருமையும் எருமையும் மோதும். சிவசாகரில் உள்ள ரங்கர் என்ற 18ஆம் நூற்றாண்டுச் செங்கல் மாளிகை, ஆஹோம் மன்னர்கள் பிஹுவின்போது அந்தச் சண்டையைக் காண உட்கார்ந்த இடம். மோரிகாவ் மாவட்டத்து ஆஹத்குரி இன்று அதற்குப் பேர்போன ஊர். 2014 மே 7இல் உச்ச நீதிமன்றம் தந்த தீர்ப்பு இரண்டையும் நிறுத்தியது. 2017 ஜனவரியில் மெரினாவில் கூடிய இளைஞர் கூட்டத்துக்குப் பின் தமிழ்நாடு சட்டத் திருத்தம் கொண்டுவந்தது. 2023 மே 18இல் அரசியல் சாசன அமர்வு அதை ஏற்றது. அசாம் 2024 ஜனவரியில் அரசு வகுத்த நடைமுறை விதிகளோடு எருமைச் சண்டையை மீட்டது. அதே ஆண்டு டிசம்பரில் குவாஹாத்தி உயர் நீதிமன்றம் அந்த விதிகளை ரத்துசெய்தது. இங்கே மனிதன் விலங்கைத் தழுவுகிறான், அங்கே விலங்கு விலங்கோடு மோத மனிதன் பார்க்கிறான். நான் தழுவுவதன் பக்கம். அதில் அடிபடும் ஆபத்தை மனிதனும் பங்கிட்டுக்கொள்கிறான்.

மூன்று பிஹுவில் நடுவே வரும் காத்தி பிஹு நம்மிடம் நேர் இணை இல்லாத ஒன்று. அதற்குக் கொங்காலி என்றும் பெயர். வறியவன் என்று அர்த்தம். அக்டோபர் நடுவில் வரும் அந்த நாளில் களஞ்சியம் காலி. புது நெல் இன்னும் பச்சை. விருந்து கிடையாது, ஆட்டம் கிடையாது. துளசி மாடத்தில் ஒரு விளக்கு, களஞ்சியத்தின் முன்னால் ஒரு விளக்கு, வயலில் ஒரு விளக்கு. உயரமான மூங்கில் முனையில் ‘ஆகாஷ் பந்தி’ என்ற வான விளக்கை ஏற்றுகிறவர்களும் உண்டு. பயிருக்குப் பூச்சி விழும் காலம் அது. விளக்கு பூச்சியை இழுக்கும் என்பது அனுபவ அறிவு. பசியுள்ள மாதத்தை மறைக்காமல், அதற்கும் ஒரு நாள் ஒதுக்கி, பெயரும் வைத்த சமூகத்தின்மேல் எனக்குப் பெரிய மதிப்பு வருகிறது. நம் கார்த்திகை விளக்கை எருக்குழியிலும் தொழுவத்திலும் கிணற்றடியிலும் வைக்கும் பழக்கத்தில் இதன் சாயல் கொஞ்சம் தெரிகிறது. ஆனால் இது வறுமையின் விளக்கு என்று நாம் வாய்விட்டுச் சொல்வதில்லை.

சொல்லாமல் விட்டதில் வேறொன்றும் இருக்கிறது. புது நெல்லை அறுத்தவர் யார், பொங்கித் தின்றவர் யார் என்ற கேள்வி. தஞ்சைப் பண்ணைகளில் பொங்கலுக்கு மறுநாள் பண்ணையாட்கள் மிராசுதார் வாசலில் நின்று வேட்டியும் நெல்லும் வாங்கிப் போவது வழக்கமாக இருந்தது. திருநாளில் தருவது தர்மம், மற்ற நாளில் கேட்பது குற்றம் என்ற காலம். 1952இல் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 1968 டிசம்பர் 25 இரவு கீழ்வெண்மணியில், நெல் கூலியை உயர்த்திக் கேட்டதன் தொடர்ச்சியாக, 44 பேர் ஒரு குடிசைக்குள் வைத்து எரிக்கப்பட்டார்கள். பொங்கலுக்கு மூன்று வாரம் இருந்தது. காவிரிப் படுகையின் பொங்கலை எழுதும் எவரும் அந்தக் குடிசையைத் தாண்டிப் போகக் கூடாது. வீட்டுக்கு ஒரு பானை என்ற நம் முறை அழகானது. ஆனால் ஊரும் சேரியும் தனித்தனியே பொங்கியதையும் அந்த முறைதான் உறுத்தாமல் மறைத்துவைத்தது.

அசாமிலும் நிலம் எல்லாருக்கும் இருந்துவிடவில்லை. பாதி விளைச்சலை உடையவனுக்கு அளந்துவிட்டு மீதியில் வாழ்ந்தவர்களை ‘அதியார்’ என்றார்கள். அவர்களுக்கான பாதுகாப்புச் சட்டம் 1948இல் வந்தது. ஆனாலும் வயலில் ஒரே பந்தி என்ற வழக்கம் ஒரு கதவைத் திறந்து வைத்திருக்கிறது. அதன் மிக விரிந்த வடிவம், மாக் பிஹுவை ஒட்டி மோரிகாவ் மாவட்டத்தில் ஜாகிரோடு அருகே நடக்கும் ஜோன்பீல் மேளா. ‘ஜோன்’ என்றால் நிலா. பிறை வடிவ ஏரிக்கரையில் திவா மக்கள் நடத்தும் இந்தச் சந்தையில், மலையிலிருந்து இறங்கிவரும் திவா, கார்பி, காசி, ஜைந்தியா மக்கள் இஞ்சியும் மஞ்சளும் கிழங்கும் கொண்டுவருவார்கள். சமவெளிக்காரர் பிட்டாவும் லாருவும் அரிசியும் கருவாடும் வைத்திருப்பார்கள். பண்டத்துக்குப் பண்டம்தான் மாற்று. கோபா என்ற பழைய அரசின் பெயரளவிலான மன்னர் வந்து அமர்ந்து தம் மக்களிடம் வரி பெறுவார். மலைக்கும் சமவெளிக்கும் ஆண்டுக்கொருமுறை புதுப்பிக்கும் உறவு அது.

கொடுக்கும் பொருளிலும் வேறுபாடு உண்டு. நம் பக்கம் பொங்கல்படி பிறந்த வீட்டிலிருந்து மகளுக்குப் போகிறது: பானை, அரிசி, வெல்லம், கரும்பு, மஞ்சள் குலை, கிழங்கு. அண்ணனோ தம்பியோ சைக்கிளில் கரும்பைக் கட்டிக்கொண்டு வருவதை வாசலில் நின்று பார்த்திருக்கும் அக்காமார் எத்தனை பேர். அசாமில் சித்திரைப் பிஹுவுக்குப் பெண் தன் தறியில் நெய்த கமோசாவைப் பெரியவர்களுக்கும் அன்புக்குரியவர்களுக்கும் தருகிறாள். வெள்ளைத் துண்டில் சிவப்புக் கரை. 2022இல் அதற்கும் புவிசார் குறியீடு கிடைத்தது. இங்கே பெண் பெறுகிறாள், அங்கே பெண் தருகிறாள். அவள் கைத்தறியும் அவளுடையதாக இருப்பதால் அந்தக் கொடையில் ஒரு நிமிர்வு தெரிகிறது.

இருபதாம் நூற்றாண்டு இரண்டையும் உழவர் வாசலிலிருந்து மேடைக்கு ஏற்றியது. தனித்தமிழ் இயக்கமும் திராவிட இயக்கமும் பொங்கலைச் சமயம் கடந்த தமிழர் திருநாளாக நிறுத்தின. இன்று தேவாலய முற்றங்களில்கூடப் பானை பொங்குகிறது. பிஹு ஆட்டத்தை ஒரு காலத்தில் படித்த அசாமியர் சிலர் நாகரிகமற்றது என்று ஒதுக்கினார்கள். 1952இல் குவாஹாத்தியின் லதாசில் மைதானம் அதற்கு மேடை தந்தது. 2023 ஏப்ரலில் அதே நகரில் 11,000க்கும் மேற்பட்ட கலைஞர்கள் ஒன்றாக ஆடி கின்னஸ் பதிவு பெற்றார்கள். இனத்தின் பெயராகத் திருநாள் மாறும்போது அது நிலத்தை விட்டுக் கொஞ்சம் உயரத் தூக்கப்படுகிறது. அதை நான் குறையாகச் சொல்லவில்லை. நிலமே இல்லாதவர்களும் அப்போதுதான் அதற்கு உரிமை பெறுகிறார்கள். அசாமின் தேயிலைத் தோட்டங்களில், பல தலைமுறைக்கு முன் சோட்டா நாக்பூர்ப் பக்கமிருந்து கொண்டுவரப்பட்ட தொழிலாளர் குடும்பங்கள் இதே சங்கராந்தியில் துசு பரப் கொண்டாடுகிறார்கள். நெல் அறுவடையின் பாட்டு தேயிலைச் செடிகளுக்கு நடுவே கேட்கிறது. இலங்கை மலையகத்தில் நம் மக்களும் அப்படித்தான் லயன் வாசலில், கடையில் வாங்கிய அரிசியைச் சூரியனுக்குப் பொங்கினார்கள். கொழுந்துக் கூடையைத் தவிர வேறு அறுவடை அறியாத கைகள் அவை.

கடைசியாக இரண்டு சின்ன வீடுகளைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

உருகாவுக்குச் சில நாள் முன்பிருந்தே அசாமிய ஊர்களில் இளைஞர்கள் வயலில் ‘பேலாகர்’ கட்டுகிறார்கள். மூங்கில் கால்கள், அறுத்த தாளால் வேய்ந்த கூரை, வைக்கோல் சுவர். அந்த ஓரிரவுக்கான வீடு. விருந்து முடிந்து இரவு முழுதும் அதற்குள்ளும் அதைச் சுற்றியும் கிடந்து, தீக்காய்ந்து, பாடி, அக்கம்பக்கத்துத் தோட்டங்களில் காய்கறியும் வேலி மூங்கிலும் திருடிவருவார்கள். அன்று மட்டும் அந்தத் திருட்டுக்கு யாரும் கோபிப்பதில்லை. விடியலில் மேஜியோடு பேலாகரும் எரிந்து போகிறது. அவ்வளவு பாடுபட்டுக் கட்டிய வீட்டைக் கட்டிய கைகளே கொளுத்துகின்றன.

எங்கள் நெல்லைப் பக்கத்தில் சிறுமிகள் கட்டுவது சிறுவீடு. மார்கழி விடியலில் கோலத்தின் நடுவே சாண உருண்டையில் பூசணிப்பூச் செருகி வைப்பார்கள். பிற்பாடு அதைப் பூவோடு தட்டிச் சுவரில் காயவைப்பார்கள். அவை பூ எரு. பொங்கலுக்கு முன்னால் வாசலோரம் களிமண்ணைக் குழைத்து, முழங்கால் உயரத்தில் சுவர் வைத்து, அறை பிரித்து, அடுக்களை ஒதுக்கி, வாசற்படி கட்டி வீடு எழும்பும். எங்கள் அக்கா கட்டியதில் எனக்கென்று ஓர் அறை இருந்தது. அதற்குள் என் ஒரு கால்தான் நுழையும். பெரும்பொங்கல் முடிந்து தையின் பிற்பகுதியில் ஒரு நாள் சிறுவீட்டுப் பொங்கல். சின்னப் பானையில் சிறுமிகளே பொங்குவார்கள்.

அங்கே பையன்கள், இங்கே சிறுமிகள். அங்கே வைக்கோல், இங்கே களிமண். அங்கே வயலின் நடுவே ஊர் முழுதும் நுழையும் வீடு, இங்கே வாசலோரம் ஒருத்தி நினைப்பில் மட்டும் குடியிருக்கும் வீடு. இருந்தும் இரண்டும் வைத்துக்கொள்வதற்காகக் கட்டியவை அல்ல. அவர்கள் தங்கள் வீட்டை நெருப்பிடம் கொடுத்தார்கள். எங்கள் தெருவில் பொங்கல் சோற்றையும் மார்கழி முழுதும் சேர்த்த பூ எருக்களையும் தட்டில் அடுக்கிக்கொண்டு, கும்மி கொட்டியபடி, சிறுமிகள் ஊர்வலமாக வாய்க்காலுக்குப் போவார்கள். ஒவ்வொரு எருவின்மேலும் சூடம் ஏற்றித் தண்ணீரில் விடுவார்கள். பூசணிப்பூ காய்ந்து பழுப்பாகி எருவோடு ஒட்டியிருக்கும். அந்தச் சின்ன வெளிச்சங்கள் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு, இன்னும் அறுக்காத பிசான வயல்களின் ஓரமாக, மடையைத் தாண்டிப் போய்க்கொண்டே இருக்கும். அக்கா கரையில் நின்று கடைசி வெளிச்சம் வளைவில் மறையும்வரை பார்ப்பாள். மறுநாள் மழை தூறினால் வாசலோரத்தில் அவள் கட்டிய சுவர்கள் கரையத் தொடங்கும். அந்த மண்ணை யாரும் அள்ளிக் கொட்டமாட்டார்கள்.